தண்ணிப் பாத்தி

சன்னலோரம் நீ உக்காந்துக்க தாயி. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா ஒத்துக்காது, பேச முடியாது. நீ எதுவரைக்கும்? வத்தலக்குண்டா? நான் நிலக்கோட்டை. அங்க எறங்கி இன்னும் உள்ள போகணும், மினி பஸ்ஸு வந்தா வரும், வராட்டி நடைதான்.

எங்க போயிட்டு வர்றேனா? காலேஜுக்கு. மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு வெவசாயக் காலேஜு. ஆமா, மக அங்கதான் இருக்கா. படிக்கிறாளான்னு கேட்டா என்னத்தச் சொல்ல? புழு வளக்குறா. சிரிக்காத, நெசமாத்தான். ஆமணக்கு எலையைக் கழுவி, தொடச்சு, நறுக்கி, டப்பா டப்பாவா புழுவுக்குச் சோறு போடுறா. மல்லிகையில புழு விழுந்துருச்சுன்னு ஊர்ல நாங்க தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், என் வயித்துல பொறந்தது அங்க அதுகளுக்குப் பந்தி வெக்கிது.

எல்லாம் அந்தப் பூங்கோதையால வந்த வெனை.

போன வருசம் மாசி கடைசியில ஸ்கூட்டர்ல வந்து எறங்குனா. தலையில தொப்பி, கழுத்துல அட்டை, தோள்ல ஒரு பை. நான் கணக்கெடுக்க வந்த புள்ளைன்னு நெனச்சு, "ரேசன் கார்டு உள்ள இருக்கு, எடுத்துட்டு வரவா?"ன்னு கேட்டேன். "இல்லம்மா, உங்க தோட்டத்துப் புழுவைப் பாக்க வந்தேன்"னா. பொண்ணு பாக்க வருவாக, மாடு பாக்க வருவாக. புழு பாக்க ஒருத்தி வந்து அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஊரு புதுக்கோட்டைப் பக்கம். நல்ல புள்ளதான், அதை நான் இல்லைன்னு சொல்லல. டாக்டருக்குப் படிக்கிறா. ஊசி போடுற டாக்டரு இல்ல, ஆராய்ச்சி பண்ணி வாங்குற டாக்டரு. எங்க தோட்டத்துல மொட்டுப்புழு ஜாஸ்தின்னு யாரோ சொல்லியிருக்காக. மொட்டுப்புழு தெரியுமா உனக்கு? நீ பூ வாங்குறவ, உனக்கு எப்படித் தெரியும். மொட்டுக்குள்ள ஓட்டை போட்டு உள்ள போயி உக்காந்துக்கும். மொட்டு ஊதா நெறமாப் போயிரும். நாலு மொட்டைச் சேத்து நூல் கட்டி, அதுக்குள்ள குடும்பம் நடத்தும். வாடகையும் இல்ல, அட்வான்ஸும் இல்ல.

அதை மருந்தடிக்காம, எலைச் சாறு, கொட்டைச் சாறு வெச்சே ஒழிக்க முடியுமான்னு பாக்கணுமாம். அதுக்கு எங்க தோட்டத்துல கொஞ்ச எடம் வேணுமாம். எங்க வீட்டுக்காரரைக் கேட்டா. அவரு என்னையப் பாத்தாரு. அவரு எதுக்கும் என்னையத்தான் பாப்பாரு. நான் "சரி, அடிச்சுப் பாரு"ன்னுட்டேன். வந்த புள்ளைய வெறுங்கையா எப்படி அனுப்புறது?

அப்புறம் ஆரம்பிச்சா பாரு வெளக்கம்! மண்வெட்டியும் கையுமா நின்னு கேட்டேன்.

மொத சாறு வேப்பங்கொட்டை. அது எங்களுக்கும் பழக்கம்தான். ஆனா அது என்ன பண்ணுதுன்னு அவ சொல்லித்தான் தெரியும். புழு பெரிசாகணும்னா பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி தோலை உரிக்கணுமாம். உள்ளுக்குள்ள ஒரு சத்து ஊறி, "இப்ப உரி"ன்னு சொல்லுமாம். ஹார்மோனுங்கறா அதுக்குப் பேரு. வேப்பங்கொட்டைச் சாறு உள்ள போச்சுன்னா அந்தச் சத்து ஊறாதாம். புழு கடைசிவரைக்கும் புழுவாவே கெடந்து சாகுமாம். எங்க கொழுந்தனாரு ஒருத்தரு இருக்காரு, நரைச்ச பெறகும் கோலிக்குண்டு வெளையாடிக்கிட்டுத் திரியிறாரு. "அவருக்கு யாரு தாயி வேப்பங்கொட்டையை ஊத்துனாக?"ன்னு கேட்டேன். பாவம், அடுத்த சாறுக்குத் தாவிட்டா.

ரெண்டாவது சாறு, மலையில மொளைக்குதே பெரணி, அது. அந்தச் செடி லேசுப்பட்டதில்ல. புழுவுக்குள்ள ஊறுற அதே சத்தைச் செடி தனக்குள்ள வெச்சிருக்காம். புழு அதைத் தின்னுச்சுன்னா, நாள் வர்றதுக்கு முன்னாடியே தோலை உரிச்சிருமாம். உள்ள புதுத்தோலு தயாரா இருக்காது. அரைகுறையா நின்னு சாகுமாம்.

"அப்ப ஒண்ணு சமையவே சமையாது, இன்னொண்ணு மூணாப்பு படிக்கையிலயே சமைஞ்சிரும். அப்படித்தான?"ன்னேன்.

மொகமெல்லாம் செவந்துபோச்சு அந்தப் புள்ளைக்கு. "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா"ன்னா. அவ படிச்ச புஸ்தகத்துல இப்படி எழுதியிருந்தா நாலு சனத்துக்குப் புரிஞ்சிருக்கும்ல?

மூணாவதுதான் வேடிக்கை. மல்லிகையில இருந்தே எடுத்த சத்தாம். புழு வந்து கடிச்சா, செடி சும்மா நிக்காதாம். தனக்குள்ள ஒரு சத்தை ஊற வெச்சு, எலையெல்லாம் கசப்பாக்கிருமாம். அந்தச் சத்தை நாமளே முன்கூட்டித் தெளிச்சுட்டா, கடிபடாமலேயே செடி உசாராயிருமாம். அதை மொத மொத மல்லிகைப்பூத் தைலத்துலதான் கண்டுபிடிச்சாகளாம், அதனால மல்லிகைப் பேரையே வெச்சிட்டாகளாம். மல்லிகைக்கே மல்லிகையைத் தெளிக்கிற கூத்து! திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா குடுத்த கதை.

சரி, இந்த மூணோட விட்டிருந்தா நானும் அவளும் இன்னைக்கு உறவா இருந்திருப்போம். பாத்திக்குப் பாத்தி துணி கட்டுனா. வேப்பங்கொட்டைக்குப் பச்சை, பெரணிக்கு மஞ்சள், மல்லிகைச் சத்துக்குச் சிவப்பு. கெணத்துக்கு மேக்க இருக்குற பாத்திக்கு வெள்ளை. "இதுக்கு என்ன சாறு?"ன்னேன்.

"இதுக்கு வெறும் தண்ணிம்மா."

"தண்ணின்னா?"

"தண்ணிதான். மத்ததையெல்லாம் இதோட ஒப்பிட்டுப் பாக்கணும். எதுவுமே செய்யாட்டி என்ன ஆகுதுன்னு தெரிஞ்சாத்தான், செஞ்சது வேலை செஞ்சுச்சான்னு தெரியும்."

நீயே சொல்லு தாயி. நாலு புள்ளைய வரிசையா உக்கார வெச்சு, மூணுக்குச் சோறு போட்டு, ஒண்ணுக்கு மட்டும் பச்சத்தண்ணிய எலையில தெளிச்சுட்டுப் போறது எந்த ஊரு நாயம்? அதுலயும் வெள்ளைத் துணி வேற. தாலியறுத்தவளைத் தனியா உக்கார வெச்ச மாதிரி நிக்குது அந்தப் பாத்தி. "ஒப்பிட்டுப் பாக்க என் தோட்டந்தான் கெடைச்சுச்சா? ஊர்ல அவனவன் ஒப்பிட்டுப் பாத்துத்தான் நாசமாப் போறான்"னு சத்தம் போட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே, "பாத்துக்கங்கம்மா, அந்தப் பாத்திய மட்டும் யாரும் தொட்டுரக் கூடாது. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்"னா. நம்பிக்கை வெக்கிறவ கொஞ்சம் ஆளைப் பாத்து வெக்கணுமில்ல?

வாரத்துக்கு ரெண்டு தடவை வருவா. விடிகாலையில வந்து, செடிக்குச் செடி குனிஞ்சு, எந்த மொட்டுல புழு, எந்த மொட்டுல ஓட்டைன்னு எண்ணுவா. ஒத்தையா எண்ண முடியல. என் சின்ன மக பாண்டீஸ்வரி கூட நின்னா.

எனக்கு ரெண்டும் பொண்ணு. மூத்தவ சுபாஷினி எஞ்சினியருக்குப் படிச்சவ. அவளுக்கு நாங்க செய்யாதது இல்ல. டியூசன் என்ன, சத்துமாவு என்ன, பரிச்சைக்கு முன்னாடி எங்க தெருவுல மைக் செட்டுக்காரனை நான் அடிக்கப் போனது என்ன. இப்ப திருப்பூர்ல இருக்கா, மாப்பிள்ளை தங்கமானவரு, போனு போட்டா "மீட்டிங்ல இருக்கேம்மா"ங்கறா, பாவம், வேலை அப்படி. சின்னவ பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க்குதான். ஆனா பூ எடுக்க ஆள் வேணுமில்ல? சூரியன் ஏறுறதுக்குள்ள பூவை எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பணும், இல்லாட்டி மலந்துரும், மலந்த பூவை எவன் வாங்குவான்? அதனால வீட்டோட இருந்துட்டா. அவளைப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாது. காய்ச்சல்னு படுத்ததில்ல, அது வேணும் இது வேணும்னு கேட்டதில்ல. அவளுக்குன்னு நான் எதுவுமே செஞ்சதில்ல தாயி, தானா வளந்துருச்சு. அப்படி ஒரு நல்ல புள்ள.

அந்த நல்ல புள்ளையைத்தான் இவ கெடுத்தா. "அக்கா, இந்தப் புழு மூணாவது தோலா, நாலாவதா?"ன்னு ஒண்ணு கேக்கும். "தலையைப் பாரு பாண்டீஸ்வரி, தலை அகலமாயிருச்சுன்னா தோல் உரிச்சிருச்சுன்னு அர்த்தம்"னு இன்னொண்ணு சொல்லும். பூதக்கண்ணாடி ஒண்ணைக் குடுத்துட்டுப் போயிட்டா. எங்க வீட்டுல எதுக்கெடுத்தாலும் கண்ணாடிதான். அரிசியில வண்டு கெடந்தா எடுத்து வெளிய போடுறதுதான வழக்கம்? இவ அதைத் தட்டுல வெச்சுக் கால் எத்தனைன்னு பாப்பா. "ஏன்டி, அதுக்கும் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறியா?"ன்னு கேப்பேன். காதுல வாங்க மாட்டா. ஒரு நாள் சாப்பிடையில சிரிச்சா. எதுக்குச் சிரிக்கிறன்னு கேட்டா, பெரணிப் பாத்தியில ஒரு புழு பாதிச் சட்டையைக் கழட்டிட்டு முழிச்சுக்கிட்டு நிக்குதாம். அவ சிரிச்சே நான் ரொம்ப நாளாப் பாக்கல, அன்னைக்குப் புழுவுக்குச் சிரிக்கிறா.

சித்திரை பொறந்துச்சு. பூ கொட்டுற காலம். பச்சைத் துணிப் பாத்தி நல்லா இருக்கு. மஞ்சளும் பரவாயில்ல. சிவப்பு சுமாரு, மல்லிகைக்கு மல்லிகை மேல அவ்வளவு பயம் இல்ல போலிருக்கு. ஆனா அந்த வெள்ளைத் துணி... அய்யோ, போயிப் பாக்க முடியல தாயி. மொட்டெல்லாம் ஊதாவாப் போயி, நூல் கட்டி, சுருங்கி நிக்குது. அந்தப் பக்கம் தண்ணி பாய்ச்சப் போனா, என்னையவே பாக்குற மாதிரி இருக்கும். "மத்ததுக்கெல்லாம் குடுத்தீகளே, நான் என்னா பாவம் பண்ணேன்?"னு கேக்குற மாதிரி இருக்கும். சோறு எறங்கல எனக்கு. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "அந்தப் புள்ள தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல?"ன்னாரு. ஆம்பளைக்கு என்ன தெரியும்? பெத்தவளுக்குல்ல தெரியும் அந்த வலி.

என் தம்பி காசிமாயன் நிலக்கோட்டையில பூச்சி மருந்துக் கடை வெச்சிருக்கான். போனேன். "இருக்கறதுலயே நல்லதாக் குடுடா"ன்னேன். "அக்கா, இதை அடி. புழு மட்டுமில்ல, புழுவோட மாமியார் வீடும் சேந்து காலி"ன்னு ஒரு டப்பாவை எடுத்துக் குடுத்தான். கோதை வராத நாளாப் பாத்து, வெயில் சாஞ்ச பெறகு, முக்காட்டைப் போட்டுக்கிட்டு, அந்தப் பாத்திக்கு மட்டும் குளிரக் குளிர அடிச்சேன். அடிச்சு முடிச்சு நிமிந்தேன் பாரு, அப்படி ஒரு நிம்மதி. கைப்புள்ளைக்குப் பாலு குடுத்து எறக்கிவிட்ட மாதிரி.

சும்மா சொல்லக் கூடாது, காசிமாயன் மருந்து கெட்டிக்கார மருந்து. ரெண்டொரு நாள்ல புழுவெல்லாம் கீழ விழுந்து கெடக்கு. தேனீ கூட அந்தப் பக்கம் தலை காட்டல. அதுக்கப்புறம் வந்த மொட்டெல்லாம் வெள்ளை வெளேர்னு, விரல் நீளத்துக்கு! சாறு அடிச்ச மூணு பாத்தியையும் தோக்கடிச்சு நிக்குது. அப்புறம் இன்னொரு தடவையும் அடிச்சேன். ஆரம்பிச்சுட்டுப் பாதியில விடக் கூடாதில்ல?

கோதை வந்து எண்ணுனா. எண்ணிட்டு மறுபடி எண்ணுனா. நெத்தியச் சுருக்கிக்கிட்டே போனா. அடுத்த தடவையும் அப்படியே. நான் என்ன நெனச்சேன்? சந்தோசப்படுறா, வெளிய காட்டிக்க மாட்டேங்குறான்னு நெனச்சேன். சில புள்ளைக அப்படித்தான்.

அப்புறம் ஒரு நாள் ஜீப்புல பெரிய சாரு வந்து எறங்குனாரு. கோதைக்கு வாத்தியாரு அவரு, அவரு கையெழுத்துப் போட்டாத்தான் இவளுக்கு டாக்டரு பட்டம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாம. நான் நல்ல சேலையா மாத்திக்கிட்டு, மோரைக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் போறேன். தோட்டம் நல்லா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தா, மனுசன் வெள்ளைத் துணிப் பாத்தியில நின்னுக்கிட்டு அந்தப் புள்ளையைக் காய்ச்சுறாரு.

"சாறு அடிச்ச பாத்தியில எல்லாம் புழு இருக்கு. தண்ணி அடிச்ச பாத்தி சுத்தமா இருக்கு. அப்ப நம்ம எல்லாரும் ஆராய்ச்சிய மூட்டை கட்டிட்டு, தண்ணியை பாட்டில்ல அடைச்சு விக்கலாமா பூங்கோதை?"

அவ எண்ணி எழுதுன நோட்டைப் பெரட்டிக் காட்டுறா.

"மொத மாசம் நீ குடுத்த எண்ணிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. உண்மையச் சொல்லு. செடியைப் பாத்து எண்ணுனியா, ரூம்ல உக்காந்து எழுதுனியா?"

"பாத்துத்தான் சார் எண்ணினேன். சத்தியமா."

"சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்றது? இப்படி ஒரு எண்ணிக்கையை நான் வெளிய காட்டுனா, என் மொகத்துல துப்புவாங்க. உன்னைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. வேற தொழிலப் பாத்துக்க."

அந்தப் புள்ள கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பாத்தி நல்லா இருக்குன்னு ஒருத்தரு திட்டுறதை அன்னைக்குத்தான் பாக்குறேன். மோரை நீட்டுனேன், "குடிங்க சாரு, வெயிலு"ன்னு. வாங்கல.

அப்பத்தான் என் மக வாயத் தொறந்தா.

"சார், அக்கா மேல தப்பில்ல. எங்கம்மாதான் அந்தப் பாத்திக்கு மருந்து அடிச்சாங்க. எங்க மாமா கடை மருந்து. ஸ்பிரேயரைக் கழுவி வெச்சிருந்தாங்க, வாடை போகல. நான் பாத்தேன், சொல்லல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஜீப்பு டிரைவரு நிக்கிறான், பக்கத்துத் தோட்டத்து ஆளுக வேலியில நின்னு பாக்குறாக. சொந்த மகளே காட்டிக் குடுக்கறா. நானும் விடல. "ஆமாய்யா, அடிச்சேன். என்ன இப்ப? வாடிப்போயி நிக்கிறதை வேடிக்கை பாக்கச் சொல்றீகளா? உங்க வீட்டுல ஒரு புள்ளைக்கு மட்டும் தண்ணியக் குடுத்துட்டு, செத்துச்சா பொழைச்சுச்சான்னு எழுதி வெப்பீகளா?"ன்னு கேட்டேன். நல்ல கேள்விதான?

பெரிய சாரு கண்ணாடியைக் கழட்டிட்டு கெணத்துச் செவத்துல உக்காந்துட்டாரு. அப்புறம் கோதையப் பாத்து, "மன்னிச்சுக்கம்மா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா இந்தப் பருவம் போச்சு. காலேஜ் தோட்டத்துல மொதல்ல இருந்து ஆரம்பி"ன்னாரு. பாத்தியா, அவகிட்ட மன்னிப்புக் கேக்குறாரு. என் தோட்டம், என் செடி, என் மருந்து, என் கைவலி. என்னைய ஒரு மனுசியாவே பாக்கல. மோரை நானே குடிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன் பாண்டீஸ்வரியை. கேட்டேன்னா கேட்டேன், தெருவே கேட்டுச்சு. அகப்பையத் தூக்கி எறிஞ்சேன். அவ மேல படல, படணும்னு எறியவும் இல்ல. "பெத்தவளைச் சபையில அசிங்கப்படுத்திட்டயேடி, அந்தப் பாத்தி வாடுறதைப் பாத்து என் வயிறு எரிஞ்சது உனக்குத் தெரியாதா?"ன்னேன். அவ நிதானமாத்தான் சொன்னா.

"அந்தப் பாத்திக்குப் பாவம் பாத்தயேம்மா. அதுல கொஞ்சம்..."

அதோட நிறுத்திட்டா. "சொல்லுடி, கொஞ்சம் என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டுப் பூக்கட்ட உக்காந்துட்டா. நானும் எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன் தாயி. மாட்டுக்குத் தண்ணி காட்டையில யோசிப்பேன், படுக்கையில யோசிப்பேன். என்னத்தச் சொல்ல வந்தான்னே தெரியல. உனக்கு ஏதாச்சும் புரியுதா? ...சரி விடு. உனக்கும் புரியலல்ல.

அப்புறம் என்ன. கோதை வந்து துணியெல்லாம் அவுத்துக்கிட்டுப் போனா. போகும்போது ஏதோ குசுகுசுன்னு பேசிக்கிட்டாக. கொஞ்ச நாள் கழிச்சு இவ வந்து நிக்கிறா. காலேஜுல டிப்ளமோ இருக்காம், வெவசாயம் படிக்கலாமாம், அக்காவே எல்லாம் எழுதிப் போட்டிருச்சாம், எடம் கெடைச்சிருச்சாம். படிச்ச நேரம் போக அக்காவுக்குப் புழு வளக்க ஒத்தாசையாவும் இருக்கலாமாம். "பூ யாரு எடுக்கறது?"ன்னேன். "ஒண்ணும் போக வேணாம்"னுட்டேன்.

அப்பப் பாத்து எங்க வீட்டுக்காரரு பேசுறாரு! கல்யாணமாகி இத்தனை வருசத்துல மனுசன் ஒரு கேள்வி கேட்டதில்ல.

"ஒருத்தியப் படிக்க வெச்சோம்ல?"

"அது வேற"ன்னேன்.

"என்ன வேற?"

நான் என்ன சொல்ல? வேறன்னா வேறதான். அவரு எந்திரிச்சுப் போயி, மூத்தவ படிக்கப் போகையில வாங்குன பெட்டியைப் பரண்ல இருந்து எறக்கி, தூசி தட்டி வெச்சாரு. மறுநா பஸ் ஏத்திவிட்டு வந்துட்டாரு. நான் கெணத்தடியிலயே நின்னுக்கிட்டேன். அவ வந்து "போயிட்டு வர்றேம்மா"ன்னா. நான் பக்கத்துல நின்ன ஆட்டை, "தொலைஞ்சு போ சனியனே"ன்னு வெரட்டுனேன். ஆட்டைத்தான் சொன்னேன். அவ என்னன்னு எடுத்துக்கிட்டாளோ.

அதுல இருந்து அவளோட பேச்சு இல்ல. போனு போட்டா அப்பங்கிட்டத்தான் பேசுவா. நானும் பக்கத்துலயே நின்னு மாட்டைச் சத்தமாத் திட்டுவேன். நான் உசுரோட, வாயோட இருக்கேன்னு அவளுக்குத் தெரியணுமில்ல?

மார்கழி போச்சு, தை போச்சு, இப்பப் பூ தொடங்கிருச்சு. பூ எடுக்க ஆளே கெடைக்கல. வர்றவகளும் பாதி மொட்டைச் செடியிலயே விட்டுட்டுப் போறாக. இன்னைக்குப் போயி அவளைக் கையோட கூட்டிட்டு வந்துறணும்னுதான் கெளம்புனேன். என்ன பேசணும்னு போற பஸ்ஸுல பக்கத்துல இருந்த அம்மாகிட்ட ஒத்திகையே பாத்துட்டேன். அந்தம்மா திருமங்கலம். அழுதுருச்சு பாவம்.

போயி எறங்குனா, காலேஜு அம்மாம் பெரிசு. விசாரிச்சு விசாரிச்சுப் போறேன். "புழு ரூம் எங்க இருக்கு?"ன்னு கேட்டா ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்குறான், நேரா கையைக் காட்டுறான். வாசல்ல போயி நின்னேன். உள்ள என் மக, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கோட்டு. மூத்தவ எஞ்சினியருக்குப் படிச்சா, அவளுக்குக் கூட ஒரு கோட்டு கெடையாது.

என்னையப் பாத்ததும் ஓடி வருவான்னு பாக்குறேன். "அம்மா, உள்ள வராத! செருப்பைக் கழட்டு. அந்தக் கொழாயில சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. மருந்து வாடை பட்டாலே இதுக செத்துரும்"ங்கறா. என் கையி மருந்துக் கையாம்! கழுவுனேன். கழுவிட்டுப் போனா, "இந்த ஸ்டூல்ல உக்காரு, சோறு போடுற நேரம், முடிச்சுட்டு வர்றேன்"ங்கறா. யாருக்குச் சோறு? புழுவுக்கு. பெத்தவ பஸ்ஸுல குலுங்கி வந்து உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு வாய்த் தண்ணி இல்ல.

கோதை எட்டிப் பாத்து, "வாங்கம்மா"ன்னு சிரிச்சா. எளைச்சுப் போயிருந்தா. "இந்தத் தடவை தண்ணிப் பாத்தியைச் சுத்தி முள்வேலி போட்டிருக்கேம்மா"ன்னா. என்னமோ நான் பட்டி மாடு மாதிரி! ஆனா அவதான் தண்ணியும் கொண்டாந்து குடுத்தா. அதையும் சொல்லணும்.

சோறு போட்டு முடிச்சு, மக என்னையக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு டப்பாவாக் காட்டுனா. இது மொட்டுப்புழு இல்லம்மா, ஆமணக்குல விழுற புழு, இங்க இதுதான் கெடைக்குதுன்னா. வேப்பங்கொட்டை தின்ன புழு, தடிச்சுப்போயி, எப்ப உரிக்கிறதுன்னு தெரியாம கெடக்கு. பெரணி தின்னது, தலையில பழைய தோலு மாட்டிக்கிட்டுச் செத்துக் கெடக்கு. கடைசியா ஒரு வலைக்கூண்டு. அதுக்குள்ள ஒரு பூச்சி, சாம்பல் நெறத்துல, ரெக்கை விரிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் மோதுது. "இது வெறும் எலை மட்டும் தின்னதும்மா. நேத்துதான் கூட்டுல இருந்து வெளிய வந்துச்சு"ன்னா. அப்படி ஒரு பெருமை மொகத்துல. அது நாளைக்கு முட்டை வெச்சு யாரு காட்டை அழிக்கப் போகுதோ, இவளுக்கு என்ன பெருமை அதுல?

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. ஒரு புங்க மரத்தடியில நின்னோம். இப்பக் கேட்டுறணும்னு நெனக்கிறேன். அவளே கேட்டா, "எதுக்கும்மா வந்த?"ன்னு. நான் கட்டிக் கொண்டுபோன பூவை எடுத்து நீட்டுனேன். "இந்தா, இதைக் குடுக்கத்தான்."

வாங்குனா. தலையில வெப்பான்னு பாத்தா, பையில இருந்து அந்தப் பூதக்கண்ணாடிய எடுத்தா கழுத! ஒவ்வொரு மொட்டாத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. ஒரு மொட்டுல வந்து நின்னுட்டா. நகத்தால மெல்லப் பிரிச்சா. உள்ள ஒரு மொட்டுப்புழு, நூல் மாதிரி, நெளியுது.

"அம்மா! நம்ம தோட்டத்துப் புழும்மா! இங்க இது கெடைக்கவே மாட்டேங்குது, அக்கா எத்தனை நாளாத் தேடுது தெரியுமா!"

துள்ளுறா தாயி. ஊர்ல இருந்து சொந்தக்காரன் வந்து எறங்குன மாதிரி துள்ளுறா. ஒரு சின்ன டப்பாவுல அதைப் பத்திரமா வெச்சு மூடி, அப்புறம்தான் பூவைத் தலையில வெச்சா. வெச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. கழுவியும் அந்தக் கையில வாடை போகலதான், ஆனாலும் விடல. எத்தனை மாசம் கழிச்சு.

கூப்பிடலையான்னு கேக்குறியா? கூப்பிடத்தான் வாயெடுத்தேன். பஸ்ஸு வந்துருச்சு. அதை விட்டா அடுத்தது எப்ப வருமோ, ஆரப்பாளையம் போயி இந்த வண்டியப் புடிக்கணும், அதான் ஏறிட்டேன். நேரமில்ல. இல்லாட்டிக் கூப்பிட்டிருப்பேன்.

இரு தாயி, ஒரு போன் பேசிக்கிறேன்.

ஹலோ... ஆங், நாந்தான். வாடிப்பட்டி தாண்டியாச்சு. ...இல்ல, அவ வரல. கேக்கல. கேக்கலைன்னா கேக்கல, விடுங்களேன். இங்க பாருங்க, நாளைக்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆளு வரச் சொல்லியிருந்தேன்ல? அவன்கிட்டச் சொல்லுங்க, வடக்கோரம் இருக்குற வரிசைக்கு அடிக்க வேணாம். ...ஆமா, தெரியும் புழு விழுகும்னு. விழட்டும். ...எதுக்கா? சொன்னதைச் செய்யுங்க, கேள்வி கேக்கக் கத்துக்கிட்டீக இப்ப.

வெச்சுட்டாரு. சிரிக்கிறாரு தாயி அந்த மனுசன்.

அடுத்த வெள்ளிக்கெழமை திரும்பப் போறேன்ல, அதான். வெறும் பூவைக் கொண்டுபோனா அந்தக் கழுத என் மூஞ்சியவா பாக்கப் போகுது?